சிஸ்டரிடம் கேளுங்கள்: பிரஷர் பட்டையும் ஒளித்து வைத்த மாத்திரையும்

பிரஷர் பற்றி என்ன வேண்டுமானாலும் கேளுங்கள் என்று போன இதழில் ஒரு வரி எழுதினாலும் எழுதினேன், கடிதங்கள் வந்து குவிந்துவிட்டன. எல்லாவற்றுக்கும் இங்கே இடமில்லை, ஒரே கேள்வியைப் பல பேர் கேட்டிருந்தால் ஒன்றாகச் சேர்த்திருக்கிறேன். அப்புறம், நான் நர்ஸ். மாத்திரை எழுதிக் கொடுப்பது என் வேலை கிடையாது. "எனக்கு எந்த மாத்திரை நல்லது" என்று கேட்டவர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம்.

ஆஸ்பத்திரியில் பார்த்தால் 164/96. வீட்டு மெஷினில் 132/82. டாக்டர் மாத்திரை எழுதிவிட்டார், நானும் போட ஆரம்பித்துவிட்டேன். சிஸ்டர், இதில் எது உண்மை?
— 51 வயது வாசகர்

இரண்டையும் இப்போதைக்கு ஓரமாக வையுங்கள். எப்படி எடுத்தார்கள், எப்படி எடுத்தீர்கள், அதைச் சொல்லுங்கள் முதலில். மாடிப்படி ஏறி வந்திருப்பீர்கள், முக்கால் மணி நேரம் காத்திருந்து எரிச்சலாகியிருப்பீர்கள், உங்கள் பெயரைக் கூப்பிட்டதும் அவசரமாக உள்ளே போய், கால் தரையைத் தொடாத அந்த உயரக் கட்டிலில் உட்கார்ந்து, சட்டைக் கையை மேலே சுருட்டி, அது கயிறு மாதிரி புஜத்தை இறுக்க, அதற்குக் கீழே பட்டையைச் சுற்றியிருப்பார்கள். காற்று ஏறிக்கொண்டிருக்கும்போதே "சுகர் இருக்கா, என்ன மாத்திரை போடுறீங்க" என்று கேள்வி, நீங்களும் பதில். சிறுநீர் வேறு முட்டிக்கொண்டிருக்கும். இதில் ஒவ்வொன்றும் தனித்தனியாக எண்ணை ஏற்றும். கை தொங்கிக்கொண்டிருந்தாலே போதும்: பட்டை இதயத்தின் மட்டத்துக்கு 10 செ.மீ. கீழே இருந்தால் 7, 8 கூடுதலாகக் காட்டும். கை மட்டத்துக்கு மேலே இருந்தால் அதே அளவு குறைத்துக் காட்டும். இது யாருடைய தப்பும் இல்லை, வெறும் பௌதிகம்.

பட்டையின் அளவு இன்னொரு பெரிய வில்லங்கம். தடித்த கைக்குச் சின்னப் பட்டை போட்டால் பிரஷர் இல்லாதவருக்கும் பிரஷர் வந்துவிடும். உள்ளே இருக்கும் காற்றுப் பை புஜத்தின் சுற்றளவில் ஐந்தில் நான்கு பங்கையாவது சுற்றி வர வேண்டும். இது புதுக் கண்டுபிடிப்பும் இல்லை. 1896இல் இத்தாலிய மருத்துவர் ரிவா ரோச்சி கைப்பட்டைக் கருவியைச் செய்தபோது அந்தப் பட்டையின் அகலம் 5 செ.மீ.தான், அது எண்ணை ஏற்றிக் காட்டியது, 1901இலேயே ரெக்லிங்ஹவுசன் என்ற ஜெர்மன் மருத்துவர் அதைப் பிடித்து அகலமாக்கிவிட்டார். நூற்றிருபது வருஷம் தாண்டியும் ஒரே பட்டையை எல்லாக் கைக்கும் சுற்றிக்கொண்டிருக்கிறோம். நானும் சுற்றியிருக்கிறேன், ஒத்துக்கொள்கிறேன்.

சரி, வீட்டில் எப்படிப் பார்ப்பது? அரை மணி நேரம் முன்பிருந்தே காபி, டீ, சிகரெட், உடற்பயிற்சி வேண்டாம். சிறுநீர் கழித்துவிட்டு வாருங்கள். முதுகு சாய்ந்திருக்க, இரண்டு பாதமும் தரையில் படிய, கால்மேல் கால் போடாமல் 5 நிமிடம் சும்மா உட்காருங்கள். சும்மா என்றால் சும்மா, போனும் கூடாது. வெறும் புஜத்தில் பட்டை, கை மேஜைமேல் இதய மட்டத்தில். பேச்சு கிடையாது. ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு தடவை எடுத்து இரண்டையும் எழுதுங்கள், "நல்ல" எண்ணை மட்டும் எழுதாதீர்கள். காலையில் மாத்திரைக்கு முன்பு ஒரு முறை, மாலையில் ஒரு முறை, ஒரு வாரம். முதல் நாள் எண்களைத் தள்ளிவிட்டு மீதியின் சராசரியைப் போடுங்கள். வீட்டில் இப்படிப் பார்க்கும்போது 135/85, ஆஸ்பத்திரியில் என்றால் 140/90, அதற்கு மேல்தான் உயர் ரத்த அழுத்தம் என்பது பல நாடுகளில் பின்பற்றும் கணக்கு. அமெரிக்க வழிகாட்டுதலோ 2017இல் 130/80 என்று கோட்டைக் கீழே இறக்கியது, அதனால்தான் இணையத்தில் இரண்டு விதமாகப் படித்துக் குழம்புகிறீர்கள்.

டாக்டரின் வெள்ளைக் கோட்டைப் பார்த்தாலே பிரஷர் ஏறுகிறவர்கள் நிஜமாகவே உண்டு. அதற்கு நேர்மாறாக, ஆஸ்பத்திரியில் சாதுவாக 128 காட்டிவிட்டு வீட்டிலும் வேலையிடத்திலும் 150இல் இருப்பவர்களும் உண்டு. எனக்கு இவர்களை நினைத்துத்தான் பயம், ஏனென்றால் இவர்களை யாரும் தேடுவதில்லை.

உங்களுக்குச் சொல்வது: ஆரம்பித்த மாத்திரையை நீங்களாக நிறுத்த வேண்டாம். ஒரு வார நோட்டையும் வீட்டு மெஷினையும் கையோடு எடுத்துக்கொண்டு போங்கள், அங்கேயே இரண்டு கருவியிலும் அடுத்தடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். மணிக்கட்டு மெஷின் வாங்கியிருந்தால் அதை மாற்றிவிடுங்கள், புஜத்தில் கட்டுவதுதான் நம்பிக்கையானது.

மாமியாருக்கு 68 வயது. "எனக்குத் தலைவலி இல்லை, மயக்கம் இல்லை, எதுக்கு மாத்திரை" என்கிறார். டாக்டரிடம் மட்டும் தினமும் போடுவதாகச் சொல்கிறார். நான் காட்டிக்கொடுத்தால் வீட்டில் சண்டை. என்ன செய்வது அக்கா?
— வீட்டில் பார்த்துக்கொள்ளும் மருமகள்

காட்டிக்கொடுக்காதீர்கள். ஆனால் ஒளித்தும் வைக்காதீர்கள். எப்படி என்று சொல்கிறேன்.

முதலில் அவர் சொல்வதில் பாதி உண்மை என்பதை ஒத்துக்கொள்ளுங்கள். அவருக்கு ஒன்றும் தெரியவில்லை, அது நிஜம். பிரஷர் பெரும்பாலும் எந்த அறிகுறியும் காட்டாது. தலைவலி வந்தால்தான் பிரஷர் என்ற நம்பிக்கைதான் பிரச்சினை. உலகச் சுகாதார நிறுவனம் 2021இல் சொன்ன கணக்கில் 30 முதல் 79 வயதுக்குள் 128 கோடிப் பேருக்கு உயர் ரத்த அழுத்தம், அவர்களில் 46 சதவீதம் பேருக்குத் தனக்கு இருப்பதே தெரியாது. வலித்திருந்தால் தெரிந்திருக்குமே. வலிக்காமல் உள்ளே இதயச் சுவர் தடித்துக்கொண்டு போகும், சிறுநீரகத்தின் நுண்ணிய ரத்தக் குழாய்கள் கெட்டுக்கொண்டே வரும். இதைப் பயமுறுத்துகிற குரலில் சொன்னால் பெரியவர்கள் காதை மூடிக்கொள்வார்கள், அதையும் பார்த்திருக்கிறேன்.

பல வருஷத்துக்கு முன் ஒரு அம்மா, மாமியார் வயதுதான் இருக்கும், இரண்டு மாத்திரை போட்டும் 170க்குக் கீழே இறங்கவில்லை, மூன்றாவது எழுதலாமா என்று டாக்டர் யோசித்துக்கொண்டிருந்தார். "ஒழுங்கா போடுறீங்களாம்மா?" என்று வந்த எல்லா நர்ஸும் கேட்டாகிவிட்டது, நான் உட்பட. "போடுறேன் சிஸ்டர்." அன்றைக்கு என்னவோ தோன்றி, "போன வாரம் எத்தனை நாள் விட்டுப்போச்சு?" என்று கேட்டேன். கொஞ்ச நேரம் என்னையே பார்த்தார். அப்புறம் பையைத் திறந்து அட்டையை எடுத்து நீட்டினார். வெள்ளை மாத்திரை அட்டை காலி. மஞ்சள் மாத்திரை அட்டையில் பதினொன்று அப்படியே இருந்தது. மஞ்சள் நீர் பிரிய வைக்கும் மாத்திரை. வெளியே போகிற நாளெல்லாம் அதை விட்டுவிடுகிறார், ஏனென்றால் போகிற இடத்தில் பாத்ரூம் எங்கே என்று யாரிடம் கேட்பது? அவ்வளவுதான் விஷயம். டாக்டரிடம் சொன்னதும் வேறு வகை மாற்றிக் கொடுத்தார், மூன்றாவது மாத்திரைக்கு வேலையே வரவில்லை.

"போடுறீங்களா" என்று கேட்டால் "போடுறேன்" என்றுதான் பதில் வரும், யாருக்குத் திட்டு வாங்கப் பிடிக்கும்? "எத்தனை விட்டுப்போச்சு" என்று கேட்டால் விட்டுப்போவது சகஜம் என்று நீங்களே முன்கூட்டி ஒத்துக்கொண்ட மாதிரி, அவருக்கும் சொல்ல வாய் வரும். அத்தையிடம் அப்படிக் கேட்டுப் பாருங்கள். பின்னால் ஒரு காரணம் நிச்சயம் இருக்கும். எனலாபிரில், ராமிபிரில் மாதிரி "பிரில்" என்று முடியும் மாத்திரைகளில் சிலருக்கு வறட்டு இருமல் வரும், இரவெல்லாம் இருமிவிட்டு அது மாத்திரையால்தான் என்று தெரியாமலே வெறுத்துப்போவார்கள். அம்லோடிபின் சிலருக்குக் கணுக்காலை வீங்க வைக்கும். இதற்கெல்லாம் மாற்று இருக்கிறது, சொன்னால்தானே மாற்ற முடியும். ("பிரில்" போடுபவருக்கு உதடு, நாக்கு, முகம் திடீரென வீங்கினால் அது வேறு கதை, மாத்திரையை அதோடு நிறுத்திவிட்டு அவசரப் பிரிவுக்கு ஓட வேண்டும்.)

இன்னொன்று. அடினலால், மெட்டப்ரலால் போன்ற "லால்" மாத்திரைகளையும் குளோனிடினையும் திடீரென நிறுத்தினால் இதயத் துடிப்பும் பிரஷரும் எகிறும். அத்தை எதை விடுகிறார் என்று பாருங்கள். ஒரு வேளை மறந்தால் அடுத்த வேளை இரட்டிப்பாகப் போடச் சொல்லாதீர்கள், வழக்கம்போல ஒன்றுதான்.

அடுத்த முறை டாக்டரிடம் போகும்போது மாத்திரை அட்டைகளை அத்தை கையிலேயே கொடுத்து மேஜைமேல் வைக்கச் சொல்லுங்கள். நீங்கள் வாயே திறக்க வேண்டாம்.

பாறை உப்பு, இளஞ்சிவப்பு உப்பு எல்லாம் பிரஷருக்கு நல்லதாமே?

உப்பு உப்புதான். நிறம் எதுவானாலும் அதில் கிட்டத்தட்ட முழுவதும் சோடியம் குளோரைடு. ஒரு நாளைக்கு மொத்தம் 5 கிராமுக்குள், அதாவது தலை தட்டிய ஒரு டீஸ்பூனுக்குள், என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் அளவு. அதில் சமையலில் போடுவது மட்டும் சேராது, பாக்கெட்டில் வருவது, ரொட்டியில் இருப்பது, தண்ணீரில் போட்டால் நுரைத்துக் கரையும் வலி மாத்திரையில் இருக்கும் சோடியம் கூட கணக்குத்தான்.

"சோடியம் குறைந்த உப்பு" என்று விற்பது வேறு. அதில் ஒரு பங்கு பொட்டாசியம் குளோரைடு. பலருக்கு அது நிஜமாகவே உதவும். ஆனால் சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களும், மேலே சொன்ன "பிரில்" வகை, "சார்டன்" என்று முடியும் வகை, ஸ்பைரனோலாக்டோன் என்ற நீர் பிரிக்கும் மாத்திரை இவற்றில் ஏதாவது போடுபவர்களும் டாக்டரைக் கேட்காமல் தொடக் கூடாது. ரத்தத்தில் பொட்டாசியம் ஏறினால் இதயத் துடிப்பே தடம் மாறும்.

நான் நர்சிங் மூன்றாம் ஆண்டு. கேர் பிளானில் (நோயாளிக்கான கவனிப்புத் திட்டத்தில்) "நோய் பற்றிய அறிவுக் குறைபாடு" என்று போட்டு, உப்பு, உடற்பயிற்சி, மாத்திரை, புகை, எடை எல்லாம் சொல்லிக் கொடுத்தேன் என்று எழுதுகிறோம். நோயாளி எல்லாவற்றுக்கும் தலையாட்டுகிறார். மறுபடி வரும்போது அதே 170. எங்கே தப்பு மேடம்?

தலையாட்டலை நம்பியதுதான் தப்பும்மா. டிஸ்சார்ஜ் நேரத்தில் ஒரு காலை செருப்புக்குள் நுழைத்துக்கொண்டே நீ சொல்வதைக் கேட்கிறார், அவருக்கு வண்டி வெளியே நிற்கிறது. பத்து விஷயம் சொன்னால் பத்தும் காற்றோடு போகும்.

ஒன்று சொல். அவர் வாயாலேயே திரும்பக் கேள். "புரிஞ்சுதா" என்று கேட்காதே. "நான் சரியாச் சொன்னேனான்னு பார்க்கணும், வீட்டுக்குப் போய் இந்த மாத்திரையை எப்படிப் போடுவீங்கன்னு உங்க வீட்டுல இருக்கிறவங்களுக்குச் சொல்ற மாதிரி என்கிட்ட சொல்லுங்க" என்று கேள். பரீட்சை உனக்கு, அவருக்கு இல்லை என்ற மாதிரி இருக்க வேண்டும். ஒருமுறை ஒரு பெரியவர், "ஏறியிருக்கிற அன்னிக்குப் போடணும், சரியா இருந்தா விட்டுடணும்" என்று எனக்கே ஒப்பித்தார், கால் மணி நேரம் விளக்கிய பிறகு! கேட்காமல் விட்டிருந்தால் அந்தப் பாடத்தோடேயே வீட்டுக்குப் போயிருப்பார். எண் சரியாக இருப்பதே மாத்திரையால்தான் என்ற ஒரே வாக்கியத்தை மட்டும் அன்றைக்குச் சொல்லி அனுப்பினேன். உப்பு அடுத்த முறைக்கு.

"அறிவுக் குறைபாடு" என்று எழுதுவதற்கு முன்னால் அது அறிவுக் குறைபாடுதானா என்று பார். மாத்திரை வாங்கக் காசில்லாதது அறிவுக் குறைபாடு ஆகாது. இரவு வேலை பார்ப்பவர் "இரவு சாப்பாட்டுக்குப் பின்" என்று எழுதியதை எந்த நேரம் என்று தெரியாமல் விழிப்பதும் ஆகாது. மூட்டுவலிக்கு ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபினாக் மாதிரி மாத்திரையை மருந்துக் கடையில் வாங்கித் தினமும் போடுகிறாரா? மூக்கடைப்பு மாத்திரை? இவை பிரஷரை ஏற்றும், நாம் கேட்டால்தான் சொல்வார்கள், அதையெல்லாம் அவர்கள் மருந்து என்றே நினைப்பதில்லை. எடை அதிகமென்றால் "எடையைக் குறைங்க" என்று பொதுவாகச் சொல்லாமல், ஒரு கிலோ குறைந்தால் ஏறக்குறைய ஒரு புள்ளி இறங்கும் என்று சொல்லிப் பார், கைக்கு எட்டுகிற கணக்காக இருக்கும்.

அப்புறம் வார்டு சார்ட்டைப் பற்றி. 120/80, 130/80, 140/90, வரிசையாக எல்லாமே பூஜ்யத்தில் முடிகிற சார்ட்டைப் பார்த்தால் எனக்குக் கை நடுங்கும். இரத்தக் குழாய்க்குப் பூஜ்யத்தின் மேல் தனிப் பாசம் எதுவும் கிடையாது. 1905இல் ரஷ்ய மருத்துவர் கொரட்கோவ் காதால் கேட்டுச் சொன்ன அந்த டக் டக் சத்தத்தை நீயும் காதால் கேள், காற்றை வினாடிக்கு 2, 3 மி.மீ. வீதம் மெதுவாக இறக்கு, 134 என்றால் 134 என்று எழுது. முதல் தடவை வருபவருக்கு இரண்டு கையிலும் பார், அதிகம் காட்டுகிற கையையே பிறகு தொடர். டயாலிசிஸுக்கு ரத்தக் குழாய் இணைத்த கையில் பட்டையே கட்டாதே.

நள்ளிரவில் தூக்கம் வராமல் பிரஷர் பார்த்தேன், 192/114! மனைவி பயந்துவிட்டாள். தெரிந்தவர் ஒருவர் நாக்குக்கு அடியில் வைக்கும் மாத்திரையால் உடனே இறக்கிவிடலாம் என்றார். வைக்கலாமா?
— 44 வயது வாசகர்

வைக்கக் கூடாது. நிஃபெடிபின் கேப்ஸ்யூலை உடைத்து நாக்கடியில் விடும் பழக்கம் முன்பு பரவலாக இருந்தது, பிரஷர் சடாரென்று விழுந்து மாரடைப்பும் பக்கவாதமும் வந்ததைப் பார்த்து 1990களிலேயே மருத்துவ உலகம் அதற்கு எதிராகத் திரும்பிவிட்டது. பல வருஷமாக ஏறி நின்ற அழுத்தத்துக்கு மூளை பழகியிருக்கும், அதைச் சில நிமிடத்தில் கீழே தள்ளினால் மூளைக்குப் போகும் ரத்தமே குறைந்துபோகும்.

மேல் எண் 180ஐயோ கீழ் எண் 120ஐயோ தாண்டினால் நீங்கள் கேட்க வேண்டியது ஒரே கேள்வி, உடம்பில் வேறு ஏதாவது நடக்கிறதா? நெஞ்சுவலி, மூச்சுத் திணறல், முகம் ஒரு பக்கம் கோணுவது, ஒரு கை அல்லது கால் சொன்ன பேச்சைக் கேட்காதது, பேச்சு குழறுவது, பார்வை மங்குவது, குழப்பம், இதுவரை வராத கடுமையான தலைவலி. இதில் ஒன்று இருந்தாலும் இன்னொரு தடவை அளந்துகொண்டு உட்காராதீர்கள், ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள், முகம் கோணியது எத்தனை மணிக்கு என்று மட்டும் பார்த்து வையுங்கள், போன இடத்தில் முதலில் அதைத்தான் கேட்பார்கள். எதுவுமே இல்லை, எண் மட்டும்தான் என்றால், உட்காருங்கள், 5 நிமிடம் கழித்துத் திரும்பப் பாருங்கள். தூக்கமில்லாத, பயந்துபோன இரவில் எண் ஏறத்தான் செய்யும். அப்போதும் 180க்கு மேலேயே நின்றால் அன்றைக்கே டாக்டரிடம் பேச வேண்டும். அதற்குக் கீழே வந்துவிட்டாலும் இந்த வாரமே போய்க் காட்டுங்கள், கடிதத்தில் நீங்கள் ஏற்கெனவே மாத்திரை போடுபவரா என்று எழுதவே இல்லை.

கர்ப்பமாக இருக்கிறேன், 30 வாரம். பிரஷர் 142/92. கொஞ்சம்தானே கூட, அடுத்த செக்கப்பில் சொன்னால் போதுமா?

போதாது. இன்றைக்கே சொல்லுங்கள். கர்ப்பத்தின் 20 வாரத்துக்குப் பிறகு 140/90 என்பது "கொஞ்சம்" கிடையாது, சிறுநீரில் புரதம் போகிறதா என்று உடனே பார்ப்பார்கள். கடும் தலைவலி, கண்ணில் மின்னல் மாதிரி தெரிவது, மேல் வயிற்றில் வலி, முகம் திடீரென வீங்குவது இருந்தால் நேரே ஆஸ்பத்திரிக்கு. முன்பே பிரஷர் மாத்திரை போட்டுக்கொண்டிருந்தீர்கள் என்றால் அதன் பெயரையும் சொல்லுங்கள், "பிரில்", "சார்டன்" வகைகள் கர்ப்பத்தில் ஆகாது, அதற்கென்று வேறு மாத்திரைகள் இருக்கின்றன.

மாத்திரையைக் காலையில் போடுவதா, இரவிலா?

மறக்காத நேரத்தில். பிரிட்டனில் 21,000 பேருக்கு மேல் வைத்து நடத்தி 2022இல் வெளியான டைம் ஆய்வில் காலை, மாலை இரண்டுக்கும் வித்தியாசம் தெரியவில்லை. நீர் பிரியும் மாத்திரையை மட்டும் இரவில் போட்டுவிட்டு நடுராத்திரி நாலு தடவை எழுந்து போகாதீர்கள்.

அப்பாவுக்கு 76. புது மாத்திரை ஆரம்பித்ததிலிருந்து படுக்கையை விட்டு எழுந்தால் தள்ளாடுகிறார், ஒருமுறை விழப் பார்த்தார். பிரஷர் 128தான் காட்டுகிறது.

உட்கார்ந்து பார்த்த 128 அது. படுக்க வைத்து 5 நிமிடம் கழித்து ஒருமுறை, எழுந்து நின்று ஒரு நிமிடத்திலும் மூன்று நிமிடத்திலும் ஒவ்வொரு முறை பாருங்கள், பக்கத்தில் ஒருவர் பிடித்துக்கொள்ளட்டும். மேல் எண் 20, அல்லது கீழ் எண் 10 இறங்கினால் அதுதான் தள்ளாட்டத்துக்குக் காரணமாக இருக்கும். எழுதி வைத்து இரண்டொரு நாளில் டாக்டரிடம் காட்டுங்கள். அதுவரை எழும்போது முதலில் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, காலை நாலைந்து முறை ஆட்டிவிட்டு, எதையாவது பிடித்துக்கொண்டு எழட்டும். இரவில் பாத்ரூம் போகும் வழியில் ஒரு விளக்கு எரியட்டும். அந்த வயதில் விழுந்து இடுப்பு எலும்பு முறிந்தால் அதிலிருந்து மீள்வது பெரும் பாடு.

தினமும் பத்துப் பன்னிரண்டு முறை பிரஷர் பார்க்கிறேன். ஒவ்வொரு முறையும் வேறு எண். மெஷின் ரிப்பேரா?
— 39 வயது வாசகி

மெஷின் நன்றாகத்தான் இருக்கிறது. பிரஷர் நிமிடத்துக்கு நிமிடம் மாறும், மாறாவிட்டால்தான் நான் கவலைப்படுவேன். 126 வந்தால் பெருமூச்சு, 139 வந்தால் படபடப்பு, அந்தப் படபடப்பில் திரும்பப் பார்த்தால் 148, இப்படித்தான் போகிறது என்று நீங்களே கடிதத்தில் எழுதியிருக்கிறீர்கள். மெஷினை யாரிடமாவது கொடுத்து வையுங்கள். டாக்டரைப் பார்க்கப் போகும் தேதிக்கு ஒரு வாரம் முன்பு திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள், காலை இரண்டு, மாலை இரண்டு. நோட்டில் ஒரு பக்கத்துக்கு மேல் எழுத வேண்டியிருக்காது.